சேந்தமங்கலத்து ஷோகன்

ஜப்பான்ல 1192-ல யோரிடோமோ ஷோகன் ஆனப்புறம் பேரரசர் பேருக்குத்தான். ஆட்சி வாள் பிடிச்சவங்க கையில. 1221-ல எதிர்த்து நின்ன முன்னாள் பேரரசர் கோ-டோபாவை ஓகி தீவுக்கு அனுப்பிட்டாங்க.

நம்ம பக்கமும் இது நடக்க இருந்துச்சுங்க! திண்டிவனம் தாண்டி, வந்தவாசிப் பக்கம் தெள்ளாறு. அங்கே சோழன் மூன்றாம் ராஜராஜனைத் தோற்கடித்தான் கோப்பெருஞ்சிங்கன். சோழருக்கு அடங்கியிருந்த காடவர் குலம்! சுமார் 1231-ல் விழுப்புரத்துக்குத் தெற்கே சேந்தமங்கலத்தில் ராஜாவையே சிறை வைத்தான். ஆனால் ஹொய்சள நரசிம்மனின் படை வந்து மீட்டுவிட்டது. திருவந்திபுரம் கல்வெட்டே சாட்சி.

கோ-டோபாவுக்கு அப்படி ஓடிவர பக்கத்து ராஜா யாருமில்லை. ஷோகன் ஆட்சி, கைமாறிக் கைமாறி, 1867 வரை நீண்டது. இங்கே 1279 வாக்கில் சோழர், காடவர் ரெண்டு பேருமே காலி, ஜெயித்தது பாண்டியர். வீரம் குறைச்சலில்லை, அக்கம்பக்கம்தான் ஜாஸ்தி. நீங்க என்ன சொல்றீங்க?