அநாகரிக ஒளிபரப்புக் கட்டுப்பாடு (ஐக்கிய அமெரிக்கா)

அநாகரிக ஒளிபரப்புக் கட்டுப்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வானலை வழியாகப் பரப்பப்படும் தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சிகளில் அநாகரிகமான பேச்சும் காட்சியும் சிறுவர்களைச் சென்றடையாமல் தடுக்கும் அரச ஒழுங்குமுறை ஆகும். கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இதனை நடைமுறைப்படுத்துகின்றது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் அநாகரிகப் பேச்சுக்கும் காப்பு அளிப்பதால், அரசு அதனை முற்றாகத் தடைசெய்ய இயலாது. அது ஒளிபரப்பாகும் நேரத்தை மட்டுமே வரையறுக்கலாம். எது அநாகரிகம் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல இயலுமா என்பதே இக்கட்டுப்பாட்டின் நீண்டகாலச் சிக்கலாகும்.

வரையறை

சட்டம் மூன்று வகை உள்ளடக்கங்களை வேறுபடுத்துகின்றது.

- ஆபாசம்: 1973 ஆம் ஆண்டின் மில்லர் எதிர் கலிபோர்னியா வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி முடிவு செய்யப்படுவது. இதற்கு அரசியலமைப்புக் காப்பு இல்லை; எந்நேரத்திலும் ஒளிபரப்பக் கூடாது.
- அநாகரிகம்: பாலியல் அல்லது கழிவு உறுப்புகளையோ செயல்களையோ, சமகாலச் சமூக அளவுகோலின்படி வெளிப்படையாக அருவருப்பூட்டும் வகையில் சித்திரிப்பது.
- இழிசொல்: கேட்போருக்குத் தொல்லையாக அமையும் அளவுக்குக் கடுமையான வசைமொழி.

அநாகரிகமானவையும் இழிசொற்களும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தடைசெய்யப்பட்டுள்ளன. எஞ்சிய எட்டு மணி நேரம் "பாதுகாப்பு நேரம்" எனப்படுகின்றது. இந்நேர எல்லை 1995 இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக உறுதியானது.

சட்ட அடிப்படை

1934 ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் ஆணையத்தை உருவாக்கியது. நிகழ்ச்சிகளை முன்தணிக்கை செய்யும் அதிகாரத்தை அதே சட்டம் ஆணையத்துக்கு மறுத்துள்ளது. ஆகவே ஆணையம் நிகழ்ச்சிகளைக் கண்காணிப்பதில்லை. ஒளிபரப்பான பின்னர், பொதுமக்களின் முறையீடுகளின் பேரில் ஆராய்ந்து அபராதம் விதிக்கின்றது. அபராதம் உரிமம் பெற்ற நிலையங்கள் மீதே விதிக்கப்படும்.

1973 அக்டோபர் 30 அன்று பிற்பகலில், நியூயோர்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி நிலையம் நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின் வசைச்சொற்களைப் பற்றி ஆற்றிய உரையை ஒலிபரப்பியது. மகனுடன் காரில் சென்ற ஒருவர் அதனைக் கேட்டு முறையிட்டார். அந்நிலையத்தை நடத்திய பசிபிக்கா நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 இல் 5-4 என்ற பெரும்பான்மையில் ஆணையத்தின் அதிகாரத்தை ஏற்றது. ஒலிபரப்பு அழைக்கப்படாமலே வீட்டினுள் நுழைகின்றது என்பதும், எழுத்தறியாக் குழந்தைக்கும் அது எளிதில் எட்டுகின்றது என்பதும் நீதிமன்றம் கூறிய காரணங்களாகும். எனினும், எப்போதாவது வெளிப்படும் ஒற்றைச் சொல்லுக்கும் இது பொருந்துமா என்பதை அது முடிவு செய்யவில்லை. பின்னாளைய வழக்குகள் இந்த இடைவெளியிலிருந்தே எழுந்தன.

2004 ஆம் ஆண்டின் மாற்றம்

2003 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது விழாவின் நேரடி ஒளிபரப்பில் பாடகர் போனோ ஒரு வசைச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆணையத்தின் அமலாக்கப் பிரிவு முதலில் அது விதிமீறல் அல்ல என்றது. 2004 மார்ச்சில் ஆணையம் அம்முடிவை மாற்றி, ஒருமுறை சொல்லப்பட்டாலும் அது அநாகரிகமே என அறிவித்தது. ஆயினும் முன்னறிவிப்பு இல்லாமையால் அபராதம் விதிக்கவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்பு, 2004 பெப்ரவரி 1 அன்று, சூப்பர் போல் காற்பந்தாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வெளிப்பட்டது. ஆணையத்துக்கு 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. சி.பி.எஸ். நிறுவனத்துக்குச் சொந்தமான 20 நிலையங்களுக்கு மொத்தம் 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 இலும் மீண்டும் 2011 இலும் இதனை நீக்கியது. இதற்கிடையே 2006 இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட சட்டம், ஒரு மீறலுக்கான உச்ச அபராதத்தைப் பத்து மடங்காக, 3,25,000 டாலராக, உயர்த்தியது.

விளைவுகள்

விதியின் எல்லை தெளிவாக இல்லாதபோது நிலையங்கள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. 2004 நவம்பர் 11 அன்று, முன்னாள் படைவீரர் நாளில், ஏ.பி.சி. வலையமைப்பைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் "சேவிங் பிரைவேட் ரையன்" என்னும் போர்த் திரைப்படத்தை ஒளிபரப்ப மறுத்தன. முந்தைய ஆண்டுகளில் அதே வலையமைப்பில் தடையின்றிக் காட்டப்பட்ட படம் அது. அதில் வரும் வசைச்சொற்கள் அநாகரிகம் அல்ல என 2005 இல் ஆணையம் அறிவித்தது. ஆனால் அந்த விடை ஒளிபரப்பு நாளுக்குப் பின்னரே கிடைத்தது.

நேர எல்லையும் முரண்பாடுகளை உண்டாக்கியது. 2003 இல் ஏ.பி.சி. ஒளிபரப்பிய "என்.ஒய்.பி.டி. புளூ" தொடரின் ஒரு பகுதியில் சில நொடிகள் நிர்வாணக் காட்சி இடம்பெற்றது. கிழக்கு நேர வலயத்தில் அது இரவு 10 மணிக்கும், மத்திய நேர வலயத்தில் இரவு 9 மணிக்கும் வெளியானது. இதனால் பாதுகாப்பு நேரத்துக்கு முன் காட்டிய 45 நிலையங்களுக்கு மட்டும் 2008 இல் 12 இலட்சம் டாலருக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

ஃபாக்ஸ் வலையமைப்பு தொடுத்த வழக்கில், ஆணையம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது முறையற்றதன்று என உச்ச நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. 2012 சூன் 21 அன்று, கொள்கை மாற்றம் குறித்து நிலையங்களுக்கு முன்கூட்டியே தக்க அறிவிப்புத் தரப்படவில்லை எனக் கூறி, ஃபாக்ஸ், ஏ.பி.சி. ஆகியவற்றுக்கு எதிரான முடிவுகளை ஒருமனதாக நீக்கியது. இக்கட்டுப்பாடு முதலாம் திருத்தத்துக்கு முரணானதா என்ற முதன்மை வினாவுக்கு அது விடை கூறவில்லை.

2013 இல் ஆணையம், மிகக் கடுமையான மீறல்களிலேயே கவனம் செலுத்துவதாகவும், நிலுவையிலிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளைக் குறைத்துவிட்டதாகவும் அறிவித்தது. 2015 இல், மாலைச் செய்தியில் சுமார் மூன்று நொடிகள் தோன்றிய ஒரு பாலியல் காட்சிக்காக, வர்ஜீனியா மாநில நிலையம் ஒன்றுக்கு உச்ச அபராதமான 3,25,000 டாலரை விதிக்க முடிவு செய்தது.

விமர்சனங்கள்

கம்பிவட, செயற்கைக்கோள் கட்டண அலைவரிசைகளுக்கும் இணையத்துக்கும் அநாகரிகத் தடை பொருந்தாது. சந்தாதாரர் விரும்பிப் பெறுவதும், வேண்டாத அலைவரிசையைத் தடுத்துவைக்க முடிவதும் இதற்குக் காரணங்களாகும். 2000 ஆம் ஆண்டின் பிளேபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில் அடுத்தடுத்து வரும் இரு அலைவரிசைகளுக்கு இரு வேறு சட்டங்கள் இருப்பது பொருந்தாது என விமர்சகர்கள் கூறுவர். நிகழ்ச்சித் தரக்குறியீடும், 2000 முதல் புதிய பெட்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட தடுப்புச் சில்லும் பெற்றோருக்குப் போதும் என்பது அவர்கள் வாதம். பொதுச் சொத்தாகிய வானலையை இலவசமாகப் பயன்படுத்தும் நிலையங்களுக்குப் பொதுநலக் கடமை உண்டு என்பதும், எல்லாப் பெற்றோரும் அக்கருவிகளைப் பயன்படுத்துவதில்லை என்பதும் ஆதரவாளர்களின் மறுமொழியாகும்.