எற்பாட்டு வெயில்

வாலென்சியாவில் 1863இல் பிறந்த ஸ்பானிய ஓவியர் ஹோவாகின் சொரோயா, கடற்கரையிலேயே நின்று வரைந்தவர். பாய் தைக்கும் பெண்டிர், ஈர உடலோடு மணலில் கிடக்கும் சிறுவர், இவையே அவர்க்குப் பொருளாயின. ஊனமுற்ற சிறுவரைத் துறவி ஒருவர் கடலாட்டும் 1899ஆம் ஆண்டு ஓவியத்திலும் அதே கடற்கரைதான். ஆனால் அங்கே ஒளி கனக்கிறது. 1903இல் வரைந்த 'மாலை வெயில்' ஓவியத்தில் எருதுகள் படகைக் கரையேற்றுகின்றன. நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடும் அந்தச் சாயும் வெயில்தானே!

நெய்தல் பிறந்த தமிழ்க் கடற்கரையில் நிகழ்ந்தது வேறு. கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று நிலம் வாங்கி, 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அலையோசை கேட்கும் தொலைவு. எனினும் 1963 முதல் பணிக்கர் வரைந்து வந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் கடல் இல்லை. சாதகக் கட்டமும் படிக்கவியலா எழுத்துமே உண்டு. வெயிலை அவர் அறியாதவர் அல்லர். இளமையில் கேரளத்துக் கால்வாய்களையும் தென்னை நிழலையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். மேலைநாட்டார் ஒளியை விடுத்து, நம் மண்ணின் கோட்டைத் தேடிப் போனார். அது துணிந்து செய்த துறவு.

திண்டுக்கல் சமவெளியிலிருந்து நெய்தல் பாடும் கவிஞர் சிலரும் கடலைக் குறியீடாகவே கொள்கின்றனர். ஆனால், துறப்பதற்கு முன் பணிக்கரிடம் வெயில் இருந்தது. இவர்தம் வரிகளில் மீன் நாற்றம் ஒருநாளும் வீசியதில்லை.