இன்ஜினில் தண்ணீர் இறக்கியவர்கள்

இலங்கைத் தேயிலையின் கதையை, 1867இல் லூல்கந்தூரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட செடிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். கொழுந்து பறித்த கைகளைப் பற்றியும் இன்று ஓரளவு எழுதுகிறார்கள். அந்தக் கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், வந்ததும் அதை அரைக்கும் ரோலர்களை ஓட்டிய மனிதர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. என் அப்பா அவர்களில் ஒருவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயில் இன்ஜின் டிரைவராக இருந்தார்.

மலையகத்து ஸ்டோர்கள் பலவற்றை முதலில் ஓட்டியது தண்ணீர். ஓடையை மறித்துக் குழாய் வழியே இறக்கி, நீர்ச்சக்கரத்தையும் பின்னாளில் டர்பைனையும் சுழற்றினார்கள். மழைக்காலத்தில் அதற்குக் குறைவில்லை. தை, மாசியில் ஓடை சுருங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க விறகு தின்னும் நீராவி இன்ஜின்களும், பிறகு ஆயில் இன்ஜின்களும் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தன. ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியிருந்ததால், பாரமான இரும்பை மலைக்கு ஏற்றுவது எளிதானது.

மழை தராத தெளிந்த வானம்தான் பனியையும் கொண்டுவருகிறது. மேகம் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தங்குவதில்லை. ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாத விடியலில் பள்ளத்துப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், கொழுந்து கருகிப்போகும். இன்ஜினுக்கு வேலை மிகுந்த மாதங்களே பனி மாதங்களாகவும் அமைந்தன.

வாட்டிய கொழுந்து விடியுமுன் ரோலருக்குப் போக வேண்டும். அதனால் அப்பா இருட்டிலேயே கிளம்புவார். சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு உறைக்குள் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும். வெளியே வரும் தண்ணீரில் கை வைத்தே இன்ஜினின் நிலையைச் சொல்லிவிடுவார். வேலை முடிந்து இன்ஜினை நிறுத்தினாலும் தண்ணீரை உடனே அடைக்கமாட்டார். இரும்பு ஆறும்வரை ஓடவிட்டு, பிறகு அடியிலுள்ள குழாயைத் திறந்து முழுவதையும் வடிப்பார். சூடான வெற்று உறைக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும் என்று கூட வேலை செய்யும் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். “தண்ணிய எறக்காம வீட்டுக்குப் போகக் கூடாதுடா” என்பது அவர் பாடம்.

இந்த வழக்கம் இன்ஜினோடு குளிர்நாட்டிலிருந்து வந்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். உள்ளே தங்கிய நீர் இரும்பையே பிளந்துவிடும். அங்கே குளிர்காலத்தில் படகு இன்ஜினிலும் தண்ணீரை வடிப்பது இதனால்தான். எங்கள் இன்ஜின் அறைக்குள் அவ்வளவு குளிர் ஏறியதில்லை. ஆனாலும் ஓடைத் தண்ணீரோடு வரும் சேறு உறையின் அடியில் படியும், தேங்கிய நீரில் துரு ஏறும். இரண்டையும் நாள்தோறும் கழுவித் தள்ளியது அந்த வடிப்புதான். வந்த வழக்கத்துக்கு மலையகத் தொழிலாளி தன் மண்ணிலேயே காரணம் கண்டுகொண்டார்.

பின்னர் மின்சாரம் வந்தது. பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து அந்நகருக்கு ஒளி தந்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி தோட்டம் தோட்டமாக எட்ட எட்ட, இன்ஜின்கள் ஓய்ந்தன. இதற்கிடையே, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்பாவோடு வேலை செய்தவர்களும் அப்படிக் கப்பலேறினார்கள். அவர்கள் கைப்பழக்கமும் அவர்களோடு போய்விட்டது.

கண்டி ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இன்ஜின்களைக் காணலாம். இரும்பு பத்திரமாக இருக்கிறது. அதை ஓட்டியவர்களின் அறிவைப் பத்திரப்படுத்துவது நம் கடமை. உங்கள் லயத்திலோ, இந்தியாவுக்குப் போய்க் கூடலூர், கோத்தகிரியில் வாழும் உறவுகளிலோ பழைய இன்ஜின் டிரைவர் ஒருவர் இருந்தால், அவர் பெயரையும் வேலையையும் கேட்டு எழுதிவையுங்கள்.