கப்பல் ஏறியவர் லட்சம். எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

லூமுட் படகுத்துறையில் நின்று பார்த்தால் எதிரே பங்கோர் தீவு தெரியும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் பெர்ரிக்குக் காத்து நிற்பார்கள். மாசி மகத்தின்போது தீவிலுள்ள பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குச் செல்லும் தமிழர்களும் இந்தத் துறையைத்தான் கடந்து போகிறார்கள். சிறிது நேரப் பயணம்தான். ஆனால் அந்தக் கடல் பார்த்த பயணங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது இந்தக் கடலில் நின்ற 'புளூட்டோ' என்ற கப்பலில்தான். பேராவில் ஆங்கிலேயர் காலூன்ற வழி திறந்துவிட்ட ஒப்பந்தம் அது. பங்கோரும் லூமுட்டும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி அப்போது பிரிட்டிஷார் கைக்குப் போனது. பேராவுக்கு அது திரும்பியது 1935-ல். பாடநூலில் படித்த செய்திதான். ஆனால் அதே கடல் வழியாகப் போன சாதாரணப் பயணிகளின் கதை எந்தப் பாடநூலில் இருக்கிறது?

ஓர் ஆங்கில மாதின் கடிதங்கள்

உடன்படிக்கை முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1879-ல், இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்தப் பக்கம் வந்தார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று சொல்வார்களே, அந்த ரகம். இளமையில் நோயாளி. கடற்பயணம் போனால் உடம்பு தேறும் என்று மருத்துவர்கள் சொல்ல, அதன்பிறகு அவர் ஓரிடத்தில் உட்காரவே இல்லை. அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் என்று சுற்றிவிட்டுத்தான் மலாயாவுக்கு வந்தார்.

வழியில் அவரது கப்பல் டிண்டிங்ஸில் நின்றது. அந்தப் பகுதியின் அதிகாரியாக இருந்த கேப்டன் லாயிட் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பங்கோரில் கொல்லப்பட்டிருந்தார். அந்தத் துயரத்தை பேர்ட் எழுதினார். பின்னர் லாருட் வழியாகக் கோலகங்சார் சென்றார். அங்கே ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டில் குரங்குகளோடு ஒரே மேசையில் உணவருந்தியதை அவர் வர்ணித்த பகுதி இன்றும் பலராலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. இவற்றையெல்லாம் ஊரிலிருந்த தன் தங்கை ஹென்ரியெட்டாவுக்குக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். 1883-ல் அவை நூலாக வெளிவந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கோலகங்சாருக்குப் போவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1877-ல், அந்த ரெசிடெண்டின் தோட்டத்தில் சில ரப்பர் கன்றுகள் நடப்பட்டிருந்தன. பின்னாளில் இந்த நாட்டையே மாற்றி, லட்சக்கணக்கான தமிழர்களைக் கடல் கடக்க வைத்த மரம் அது. பேர்ட் வந்தபோது அது வெறும் இளங்கன்று. எவ்வளவு கூர்மையான பயணியும் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தானே எழுத முடியும்?

பினாங்கில் கண்ட தமிழ்ப் பெண்களின் அழகையும் அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் தமிழரைக் குறிக்க அவர் கையாண்ட சொல் 'கிளிங்'. அன்றைய ஆங்கில எழுத்தில் அது வழக்கமான சொல். இன்று மலேசியத் தமிழர் காதில் அது நாராசமாக விழுகிறது. நம்மைப் பற்றி நாம் எழுதாதபோது, அடுத்தவர் வைத்த பெயரோடுதான் ஏடுகளில் வாழ வேண்டியிருக்கிறது. அதற்கு அந்த அம்மையாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உலகம் சுற்றிய தமிழர்

தமிழரிலும் கால் தரிக்காத ஒருவர் இருந்தார். 1911-ல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் அவர். வட்டிக்கடை வணிகத்துக்காகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய நகரத்தார் சமூகத்திலிருந்து வந்தவர். அவரும் ரங்கூனுக்குப் போனார். ஆனால் அங்கே அவர் பார்த்த வேலை 'தனவணிகன்' என்ற பத்திரிகையின் ஆசிரியப் பணி. பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 'ஜப்பான்', 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நூல்கள் வந்தன. 'மலேயா முதல் கனடா வரை' என்ற பெயரிலும் அவருக்கு ஒரு நூல் உண்டு.

1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கையில் பெரும் பணமில்லை. வயதோ இருபத்தைந்து. ஆனாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, நாடு நாடாக ஏறி இறங்கி, பலர் பல காலங்களில் எடுத்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதிலிருந்து தொகுத்த படம் 1940-ல் தமிழில் வெளிவந்தது. 1953-ல் ஹாலிவுட்டில் அதன் ஆங்கில வடிவமும் உருவானது.

அத்தனை பாடுபட்ட படம் என்ன ஆனது தெரியுமா? பல ஆண்டுகள் யார் கையிலும் கிடைக்காமல் போனது. நெடுங்காலத்துக்குப் பிறகு ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. ஆனால் அந்தப் படத்தை எடுத்த கதையை அவர் 1943-ல் தொடங்கி நடத்திய 'குமரி மலர்' இதழில் கட்டுரைகளாக எழுதி வைத்திருந்தார். அவை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக இன்றும் கிடைக்கின்றன. அன்றைய உச்சத் தொழில்நுட்பமான படச்சுருள் கைவிட்டது. காகிதத்தில் எழுதியது காப்பாற்றியது.

செட்டியார் இன்னொரு வேலையும் செய்தார். பழைய ஏடுகளில் புதைந்து கிடந்த மற்றவர்களின் பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி 1968-ல் ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். தான் போன ஊரை மட்டும் எழுதினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. முன்னே போனவர்களின் எழுத்தும் அழிந்துவிடக் கூடாது என்று நினைத்தார்.

ரஜூலா தந்த பயணிகள்

இப்போது மீண்டும் நம் கடலுக்கு வருவோம். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. பினாங்கில் இறங்காமல் தெற்கே போனவர்கள் பங்கோர் கடலுக்கு அப்பால்தான் கடந்து போனார்கள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் அவர்கள். சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டியவர்களின் வேர்களும் இப்படியொரு கப்பல் பயணத்தில்தான் இருக்கின்றன.

பேர்ட் அம்மையார் பார்த்ததைவிட அவர்கள் பார்த்தது குறைவா? தனிமைப்படுத்தும் முகாம், கங்காணி, லயத்து வீடு, ஜப்பானியர் ஆட்சி என்று அவர்கள் கடந்துவந்ததை எழுதினால் நூல் நூலாக வரும். 1942-43-ல் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பல்லாயிரம் பேர் திரும்பாமலே போனார்கள். அந்தக் கொடும் பயணத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலாகவும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலாகவும் எழுதினார்கள். அவர்கள் எழுதியதால் அது மறக்கப்படவில்லை. எழுதப்படாமல் போன பயணங்களுக்குக் கணக்கே இல்லை.

எழுத்தறிவு இல்லாதவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பங்கோருக்குப் போனால் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். அதே கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்திருக்கிறோமா? பதிவு செய்தாலும் அந்தக் கருவி பழுதானால் எல்லாம் போய்விடும். செட்டியாரின் படச்சுருளுக்கு நேர்ந்தது நம் கைப்பேசிக்கும் நேரும். ஆகவே கேட்டதைக் காகிதத்தில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

பெரிய இலக்கியமாக எழுத வேண்டும் என்பதில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், கூட வந்தவர் யார், முதலில் போன தோட்டம் எது என்று ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். பழைய புகைப்படத்தின் பின்னால் பெயர்களைக் குறித்து வைக்கலாம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கடப்பிதழைக் குப்பையில் போடாமல் இருந்தாலே பாதி வரலாறு தப்பும்.

ரஜூலாவின் கடைசிப் பயணங்களில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. விவரம் தெரிந்த வயதில் அந்தக் கப்பலில் வந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதை இந்த வார இறுதியிலேயே கேட்டுவிடுவது நல்லது.