என்ஜினில் எரிபொருள் எரியும் விதமும் வாகனப் புகையும்: பிஎஸ்-6 விதிகள் குறித்த ஒரு விளக்கம்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய சாலை வாகனங்கள் பாரத் நிலை-6 எனப்படும் பிஎஸ்-6 மாசு வரம்புகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பிஎஸ்-4 வரம்புகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், இடையிலிருந்த ஐந்தாம் நிலை முற்றிலும் தவிர்க்கப்பட்டது. இதற்கான முடிவை மத்திய அரசு 2016 ஜனவரியில் அறிவித்தது. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகவும், நுண்துகள்களின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகவும் குறைக்கப்பட்டன.

இந்த அளவிலான குறைப்பை, புகைக்குழாயில் ஒரு கருவியைப் பொருத்துவதால் மட்டும் எட்டிவிட இயலாது. என்ஜினுக்குள் எரிபொருள் எரியும் முறையே மாற வேண்டியிருந்தது.

பெட்ரோலும் டீசலும் கார்பன், ஹைட்ரஜன் அணுக்களால் ஆனவை. அவை முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே எஞ்சும். ஒரு கிலோ பெட்ரோல் அவ்வாறு எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும், எரியாத ஹைட்ரோகார்பன்களும் வெளியேறும். நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நான்கு வீச்சு என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் எரிபொருளும் காற்றும் சரியான விகிதத்தில், சீராகக் கலந்தாக வேண்டும் என்பதே சிக்கலின் அடிப்படை.

நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்களே என்பதால், சிறிய பெட்ரோல் என்ஜினின் கதை இங்கு முக்கியமானது. முன்பு பரவலாக இருந்த இரண்டு வீச்சு என்ஜின்களில், எரிந்த புகையை வெளியே தள்ளும்போதே புதிய எரிபொருள் கலவையின் ஒரு பகுதியும் எரியாமல் வெளியேறிவிடும். 2000-ஆம் ஆண்டையொட்டி கடுமையான வரம்புகள் வந்தபோது நான்கு வீச்சு என்ஜின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2003-இல் பஜாஜ் நிறுவனம் தனது பல்சர் வண்டியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்தியது. சுடர் இரு முனைகளிலிருந்தும் பரவுவதால் அது கடக்க வேண்டிய தொலைவு குறைந்து, கலவை விரைவாக எரியும்.

எனினும் பெரிய மாற்றம் பிஎஸ்-6 விதிகளுடன்தான் வந்தது. கார்பரேட்டர், உள்ளே பாயும் காற்றின் வேகத்தால் எரிபொருளை உறிஞ்சித் தரும் எளிய கருவி. வெளியேறும் புகையில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மின்னணு எரிபொருள் செலுத்தும் முறையில், புகையிலுள்ள ஆக்சிஜனை ஓர் உணரி அளந்து கூற, அதற்கேற்ப எரிபொருளின் அளவு தொடர்ந்து திருத்தப்படுகிறது. மூன்று வகை மாசுகளையும் ஒருங்கே நீக்கும் வினையூக்கி மாற்றி, 14.7 என்ற விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் திறம்படச் செயல்படும் என்பதால் இத்துல்லியம் இன்றியமையாதது. விலை குறைந்த சில வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட கார்பரேட்டர் நீடித்தாலும், பெரும்பாலான இருசக்கர வாகனங்கள் புதிய முறைக்கு மாறின.

டீசல் என்ஜினில் நிலைமை இன்னும் கடினம். அங்கே காற்று மட்டும் முதலில் அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதனுள் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானாகவே தீப்பற்றுகிறது. பீய்ச்சலின் நடுப்பகுதியில் காற்று போதாமல் கரித்துகள் உருவாகிறது. விளிம்பில் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. எரிதலைச் சூடாகவும் நிறைவாகவும் செய்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். குளிரச் செய்தால் இதற்கு நேர்மாறு. எரிதல் நன்றாக இருந்தால் மாசு தானாகக் குறைந்துவிடும் என்ற பொதுவான எண்ணம் டீசலைப் பொறுத்தவரை பாதி உண்மையே.

இரண்டையும் ஒருசேரக் குறைக்கப் பொறியாளர்கள் பல வழிகளை இணைத்தனர். காமன் ரயில் முறையில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் மிக நுண்ணிய துளிகளாகச் செலுத்தப்படுகிறது. ஒரே வீச்சில் கொட்டாமல், முதலில் சிறிதளவும் பின்னர் பெருமளவும் எனப் பகுதி பகுதியாகச் செலுத்துவதால் அழுத்தம் திடீரென உயர்வதில்லை. புகையின் ஒரு பகுதி மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பப்படுவதால் வெப்பம் தணிகிறது. இவற்றுக்குப் பிறகும் எஞ்சும் கரித்துகளை வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளை யூரியா கரைசலோ சேமிப்பு வினையூக்கியோ கவனித்துக்கொள்கின்றன. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்து நீக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் நகரப் பயணத்தில் இந்த வெப்பம் எளிதில் கிட்டுவதில்லை. நெடுஞ்சாலையையே காணாத டீசல் காருக்கு இது தொல்லைதான். இத்தனை கருவிகளின் செலவைச் சிறிய கார்கள் தாங்கவில்லை. நாட்டின் மிகப்பெரிய கார் தயாரிப்பு நிறுவனமான மாருதி சுசுகி, 2020 ஏப்ரலில் டீசல் கார்களைக் கைவிட்டது.

எரிபொருளும் மாற வேண்டியிருந்தது. கந்தகம் வினையூக்கிகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அதன் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. தில்லியில் மட்டும் இந்த எரிபொருள் 2018 ஏப்ரலிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டமும் எரிதலோடு தொடர்புடையதே. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. ஆனால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு. பழைய பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலவைக்கு அளவமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட வரைவே மதிப்பிட்டிருந்தது.

கரியமில வாயுவின் கணக்கு தனி. ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வளவு தூய்மையாக எரிந்தாலும் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்பட்டே தீரும். அதைக் குறைக்க, அதே தொலைவுக்குக் குறைவான எரிபொருளைச் செலவிடுவதைத் தவிர என்ஜினால் ஆவது ஒன்றுமில்லை.

ஆய்வகத்தில் உருளைகளின் மீது ஓட்டி அளக்கப்படும் மாசும் சாலையில் வெளிப்படும் மாசும் ஒன்றல்ல என்பதால், 2023 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிகளின் இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி கார்களில் அளவீட்டுக் கருவியைப் பொருத்தி, உண்மையான சாலைகளிலேயே ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஆனால் இது புதிய வாகன மாதிரிகளுக்கான ஒப்புதலின்போது நடைபெறும் சோதனை.

வாகனம் உரிமையாளரின் கைக்கு வந்த பிறகு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான சோதனையே எஞ்சுகிறது. பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு இச்சான்று ஓராண்டு செல்லும். பெட்ரோல் வாகனங்களில் நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பன்களும், டீசல் வாகனங்களில் புகையின் அடர்த்தியும் இதில் அளக்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதில்லை. துகள்களை எண்ணவும் வழியில்லை. துகள் வடிகட்டியைப் பட்டறையில் கழற்றிவிட்ட வாகனம்கூடப் புகை அடர்த்திச் சோதனையில் தேறிவிட வாய்ப்புண்டு.