கடனில் எழுந்த கல்லூரிகள்: கொரிந்தியன் நிறுவனத்தின் வளர்ச்சி, 1995–2015

மருத்துவ உதவியாளர், பல் மருத்துவ உதவியாளர், வாகனப் பழுதுநீக்குநர் போன்ற வேலைகளுக்குக் குறுகிய காலப் பயிற்சி தரும் தனியார் பள்ளிகள் அமெரிக்காவுக்குப் புதியவை அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ஹீல்டு கல்லூரி 1863இலேயே தோன்றிவிட்டது. பெரும்பாலும் ஓர் ஊருக்குள் அடங்கியிருந்த இத்தொழில் பெருநிறுவனங்களின் கைக்குப் போனதற்கு அடிப்படைக் காரணம் கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவியே ஆகும். 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் உதவித்தொகை, கடன் திட்டங்கள் 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலாப நோக்குப் பள்ளிகளுக்கும் முழுமையாகத் திறக்கப்பட்டன. பணம் மாணவர் பெயரில் கல்லூரிக்குப் போய்ச் சேரும். படிப்பு பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும் கடன் மாணவர் தலையில் நிற்கும். இந்த ஏற்பாட்டின் விளைவுகளைக் கொரிந்தியன் கல்லூரிகளின் இருபதாண்டு வரலாற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

1995இல் கலிபோர்னியாவில் ஐந்து நிர்வாகிகள் தொடங்கிய இந்நிறுவனம், புதிய கல்லூரிகளைக் கட்டுவதைவிடப் பழையவற்றை வாங்கியே பெருகியது. புதிதாகத் தொடங்கப்படும் இலாப நோக்குப் பள்ளி இரண்டு ஆண்டுகள் இயங்கிய பின்னரே அரசு நிதியுதவிக்குத் தகுதி பெறும் என்பதால், ஏற்கெனவே தகுதியும் தரச்சான்றும் பெற்றிருந்த பள்ளியை வாங்குவது அந்தக் காத்திருப்பைத் தவிர்த்தது. முதல் ஆண்டில் 16 கல்லூரிகளும் அடுத்த ஆண்டில் 18 கல்லூரிகளும் இவ்வாறு கைமாறின. 1999இல் நிறுவனத்தின் பங்குகள் நாஸ்டாக் சந்தைக்கு வந்தபின் மாணவர் எண்ணிக்கையின் உயர்வே முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கும் அளவுகோலாயிற்று. 2002இல் வாகனத் தொழிற்பயிற்சிக்குப் பெயர்பெற்ற வயோடெக், 2003இல் கனடாவின் சிடிஐ, 2010இல் 39.5 கோடி டாலருக்கு ஹீல்டு எனக் கொள்முதல் தொடர, அந்த ஆண்டில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 1,10,000ஐ எட்டியது.

இவ்வளர்ச்சியின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள 90/10 விதியை அறிவது இன்றியமையாதது. கல்லூரி வருவாயில் கூட்டாட்சிக் கல்வி நிதியுதவி 90 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, எஞ்சிய 10 விழுக்காடு வேறு வழியில் வரவேண்டும் என்பதே அது. வெளியாரும் பணம் கொடுத்துப் படிக்க முன்வரும் அளவுக்குக் கல்வி தரமாக இருக்கவேண்டும் என்பது விதியின் நோக்கம். நடைமுறை நேர்மாறாக அமைந்தது. அரசுக் கடனின் வரம்பைக் கட்டணம் மிஞ்சியபோது அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் கடன்கள் அளிக்கப்பட்டன. அரசுக் கடனைவிட மிக அதிக வட்டி கொண்ட அக்கடன்கள் விதியின் 10 விழுக்காட்டையும் நிறைவு செய்தன. ஃபிரெஸ்னோ நகரில் ஹீல்டு கல்லூரியின் மருத்துவ உதவியாளர் படிப்புக்கு 22,275 டாலரும், அதே நகரின் அரசுச் சமுதாயக் கல்லூரியில் அதற்கு நிகரான படிப்புக்கு 1,650 டாலரும் கட்டணம் என 2012ஆம் ஆண்டு செனட் குழு அறிக்கை காட்டியது. இந்த வேறுபாட்டைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் வறியவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் என்பதை ஆய்வாளர் எவரும் எளிதாகக் கடந்துபோக முடியாது.

அவர்களை ஈர்த்தது வேலைவாய்ப்பு விகிதம், அதாவது படித்து முடித்தவர்களில் துறைசார் வேலை பெற்றோரின் பங்கு. 2015 ஏப்ரலில் கல்வித் துறை ஹீல்டு கல்லூரியில் மட்டும் தவறாகக் காட்டப்பட்ட 947 விகிதங்களைக் கண்டறிந்து ஏறத்தாழ 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. தற்காலிக ஆளெடுப்பு முகமைகளுக்குக் கல்லூரியே பணம் கொடுத்து, இரண்டே நாள் நீடித்த வேலைகளில் பட்டதாரிகளை அமர்த்தி, அவர்களை வேலை பெற்றோராகக் கணக்கிட்டதும் அதில் வெளிப்பட்டது. வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2014 ஜூனில் கல்வித் துறை நிதியுதவியை 21 நாள் நிறுத்திவைத்த அளவிலேயே ஆண்டுக்கு 140 கோடி டாலர் அரசுப் பணம் பெற்றுவந்த நிறுவனம் நிலைகுலைந்தது என்பது, அதற்குச் சொந்த மூலதனம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்குச் சான்று. பாதிக்கு மேற்பட்ட வளாகங்கள் விற்கப்பட்டன. எஞ்சிய 28 வளாகங்கள் 2015 ஏப்ரல் இறுதியில் மூடப்பட, ஏறத்தாழ 16,000 மாணவர்கள் நடுவழியில் நின்றனர். அடுத்த வாரமே நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்ததால், 2016இல் கலிபோர்னியா நீதிமன்றம் விதித்த 110 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை வசூலிக்க வழி அடைபட்டிருந்தது.

கடனை நீக்கக் கோரி 2015இல் முன்னாள் மாணவர்கள் பதினைந்து பேர் திருப்பிச் செலுத்த மறுத்துத் தொடங்கிய கடன் மறுப்பு இயக்கம் நாடு முழுதும் கவனம் பெற்றது. 2022 ஜூனில் அரசு 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. இறுதி ஆண்டுகளில் படித்தவர்களோடு அது நின்றுவிடவில்லை. 1995இல் நிறுவனம் தொடங்கியது முதல் 2015இல் கதவடைத்தது வரை சேர்ந்து கடன்பட்ட ஒவ்வொருவரும் அதற்கு உரியவர்களாயினர்.