வாழைப்பழமும் சுங்கத் தீர்வையும்

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவும் உடன்படிக்கை உரோமாபுரியிலே கைச்சாத்திடப்பட்டது. அதனோடு வாழைப்பழத்துக்கெனத் தனியே ஓர் இணைப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. அதனை விடாப்பிடியாக நின்று பெற்றவர் மேற்கு யேர்மனியின் தலைமை மந்திரி கொன்றாட் அதனவர். வெளிநாட்டு வாழைப்பழத்துக்கு நூற்றுக்கு 20 வீதம் தீர்வை என்பது பொது ஏற்பாடு. யேர்மனி மட்டும் தன் தேவைக்கான பழத்தைத் தீர்வையின்றி இறக்கலாமென அவ்விணைப்பு இடமளித்தது. ஆகவே, மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் விளைந்த பழம் யேர்மன் மக்களுக்கு மலிவாகக் கிடைத்தது. பிரான்சும் பிரித்தானியாவும் தத்தம் குடியேற்ற நாடுகளின் பழத்தையே ஆதரித்தன. அங்கு விலை அதிகம்.

1993ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் இச்சலுகை முடிவுற்றது. இலத்தீன் அமெரிக்கப் பழத்தில் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன் வரைக்கும் தொன்னுக்கு 100 எக்கு தீர்வை. அதற்கு மேற்பட்டால் 850 எக்கு. எக்கு என்பது அக்காலத்து ஐரோப்பிய நாணய அலகு.

இவ்விரு எண்களிலேதான் சூட்சுமம் இருந்தது. 100 எக்கு மட்டும் விதித்திருந்தால், வணிகர் வேண்டிய அளவு பழத்தைக் கொணர்ந்திருப்பர். கிலோ ஒன்றின் விலை ஏறத்தாழ எக்குவின் பத்தில் ஒரு பங்கே உயர்ந்திருக்கும். அப்பணமும் பொதுத் திறைசேரியைச் சேர்ந்திருக்கும். 850 எக்குவோ கதவடைப்புக்கு ஒப்பானது. அதைச் செலுத்திப் பழம் இறக்குவார் இலர். உண்போர் பலராகவும் பழம் அளவாகவும் இருந்தமையால் கடைவிலை தீர்வையையும் கடந்து ஏறிற்று. அந்த மிகுதி அரசுக்குச் செல்லவில்லை. இறக்குமதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்தோரின் பைக்குச் சென்றது. அப்பத்திரங்களில் 30 வீதம், ஐரோப்பியப் பழத்தையும் பழைய குடியேற்ற நாடுகளின் பழத்தையும் விற்று வந்த வணிகருக்கு ஒதுக்கப்பட்டது. பத்திரத்தைக் கைமாற்றியே இலாபம் பெற்றோரும் உளர்.

யேர்மனி ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்காடி 1994இல் தோற்றது. பின்னர் எக்குவடோர் முதலிய நாடுகளுடன் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டு 1997இல் வென்றது. அமெரிக்கா ஏற்றுமதிக்கென வாழை பயிரிடும் நாடன்று. அதன் கம்பனிகளே அவ்வணிகத்தை நடத்தின. 1999இல் அது தண்டனைத் தீர்வை விதித்தபோது, வாழைப்பழத்தோடு யாதொரு தொடர்புமில்லாத கைப்பைகளும் படுக்கை விரிப்புகளும் செய்த ஐரோப்பியர் இழப்புற்றனர்.

2006இல் அளவு வரையறை நீங்கி, தொன்னுக்கு 176 யூரோ என்னும் ஒரே தீர்வை வந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் செனீவாவில் ஏற்பட்ட இணக்கத்தின்படி அது 148 ஆயிற்று. படிப்படியாக 114 வரை குறைப்பதெனவும் முடிவாயிற்று. 2012இல் வழக்குகள் முறைப்படி முடிவுற்றன.

கடையில் வாங்கியவனுக்கு இது நன்மையே. ஆனால் டொமினிக்கா, சென் லூசியா, சென் வின்சென்ற் ஆகிய கரிபியன் தீவுகளில் செங்குத்தான மலைச்சரிவில் ஓரிரு ஏக்கர் வாழை வைத்திருந்த குடியானவனால், எக்குவடோரின் பரந்த சமவெளித் தோட்டங்களோடு விலையிற் போட்டியிட இயலவில்லை. ஐரோப்பிய மக்கள் கொடுத்த மிகைவிலையில் அவன் கைக்கு எட்டியது சிறு பங்கே. அதுவும் நின்றபோது ஆயிரக்கணக்கானோர் வாழைச் செய்கையைக் கைவிட்டனர்.